உத்தரவு கையில் இருக்கிறது, பணம் வரவில்லை. அடுத்து என்ன?

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் புது பிடிஓ (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி) வீட்டுக்குச் சமையலறை அலமாரியும் டிவி கன்சோலும் செய்ய ஒரு ரெனோவேஷன்காரரிடம் 6,800 வெள்ளி (டாலர்) முன்பணம் கொடுத்தோம். வந்து அளவெடுத்தார், வரைபடமும் அனுப்பினார். அதன் பிறகு பலகை வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். கடைசியில் வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனோம். சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாக இணையத்திலேயே மனுவைப் பதியலாம், எங்கள் தொகைக்குக் கட்டணம் 20 வெள்ளிதான். வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பதால் நாங்களே பேசினோம். பதிவாளர் முன்னிலையில் நடந்த முதல் ஆலோசனைக்கு அவர் வந்தார். விசாரணைக்கு வரவில்லை. முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கெடு முடிந்து பல வாரமாகிவிட்டது. போன் செய்தால், "காசு இல்லை, உங்களால் முடிந்ததைப் பாருங்கள்" என்கிறார். ஆனால் அவருடைய இன்ஸ்டாகிராமில் புது வேலைகளின் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நீதிமன்றம் தானாக வாங்கித் தராதா? போலீசில் சொல்லலாமா? வயிறு எரிகிறது.

உட்லண்ட்ஸ்_ராஜா:

அக்கா, உத்தரவைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் அவர் முகத்தோடு போடுங்கள். டிக்டாக்கிலும் போடுங்கள். வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாளே பணம் வரும். இந்த ஆட்களுக்கு மானம்தான் பயம், சட்டம் இல்லை.

பழைய_பேனா:

ராஜா தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இதைச் செய்தால் வாதி பிரதிவாதி ஆகிவிடுவார். 2014இல் வந்த தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் கடன் கொடுத்தவருக்கும் பொருந்தும். ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அவருடைய முகவரி, போன் எண், குடும்பப் படம் எல்லாவற்றையும் பொதுவில் போடுவது அதன் கீழ் குற்றமாகலாம். கதவில் நோட்டீஸ் ஒட்டுவது வட்டிக்காரர்களின் ஆட்கள் செய்கிற வேலை. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொங்கோல் சகோதரி, நான் பல வருடம் வக்கீல் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன். வசூல் கோப்புகள்தான் என் மேசையில் அதிகம் குவியும். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நடுவர் மன்றம் உத்தரவு போடும், வசூல் செய்யாது. உத்தரவு வந்த பிறகு எதிராளி கொடுக்காவிட்டால், அதை நிறைவேற்றும்படி நீங்கள்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் தானாக ஒருவர் பின்னால் போகாது. மன்றத்தில் ஜெயித்தவர்களில் பலர் இங்கேதான் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போலீஸைப் பொறுத்தவரை இது சிவில் விவகாரம். பணம் வாங்கும்போதே வேலை செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை என்று காட்ட ஆதாரம் இருந்தால் ஏமாற்று வழக்காகப் பார்ப்பார்கள். அளவெடுத்து வரைபடம் அனுப்பியவரை அந்த வகையில் சேர்ப்பது கடினம். ஒரே நேரத்தில் பல பேரிடம் இப்படி வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால் புகார் கொடுங்கள், அது வேறு விஷயம். அப்போதும் போலீஸ் உங்கள் பணத்தை வசூலித்துத் தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது எனக்குச் சில விவரம் வேண்டும். உத்தரவில் யார் பெயர் இருக்கிறது, பிரைவேட் லிமிடெட் நிறுவனமா, தனிநபர் வணிகமா? பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள்? அவர் இருப்பது வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடா, தனியார் வீடா? வண்டி இருக்கிறதா?

தெம்பனிஸ்_தமிழ்:

நான் சொல்வது கசக்கும். எனக்கும் இதே மாதிரி உத்தரவு கிடைத்தது, வாடகை முன்பணம் 1,200 வெள்ளி. அமலாக்கத்துக்கு, அதாவது உத்தரவை நிறைவேற்றிப் பணத்தை வசூலிக்க, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் லீவு எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். விட்டுவிட்டேன். நிம்மதியாக இருக்கிறேன். கோபத்தைச் சுமந்துகொண்டு அலைவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

சமையல்கட்டு_அக்கா:

தெம்பனிஸ் தம்பி, 1,200க்கு அது சரியாக இருக்கலாம். 6,800 ஒரு குடும்பத்தின் சேமிப்பு. எல்லாரும் விட்டுவிட்டால் அந்த ஆள் அடுத்த வீட்டிலும் முன்பணம் வாங்குவார். எனக்கு அந்த எண்ணமே தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

நான் சின்னதாகக் கேட்டரிங் செய்கிறேன். ஒரு நிறுவனம் நிகழ்ச்சிக்குச் சாப்பாடு வாங்கிவிட்டு மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளியைத் தரவில்லை. வியாபாரிக்கு மனுக் கட்டணம் கொஞ்சம் கூடுதல், 5,000 வரை 50 வெள்ளி. உத்தரவு வாங்கினேன். அவர்கள் அசையவில்லை. அடுத்ததாக இயக்குநரை நீதிமன்றத்துக்கு வரவழைத்துச் சொத்து விவரம் கேட்க விண்ணப்பித்தேன். அந்தத் தாள் அவர் கையில் கிடைத்ததும் போன் வந்தது. விசாரணைத் தேதிக்கு முன்பே முழுப் பணமும் கணக்கில் ஏறியது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் சும்மா இருந்திருந்தால் ஒரு காசும் வந்திருக்காது.

பொங்கோல்வாசி:

பழைய பேனா ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. உத்தரவில் கடைப் பெயரும் அதன் உரிமையாளராக அவர் பெயரும் இருக்கின்றன. அக்ராவில் (வணிகப் பதிவு ஆணையம்) பார்த்தேன், தனிநபர் வணிகம்தான், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பணத்தில் பாதியை பேநவ் (போன் எண்ணுக்குப் பணம் அனுப்பும் வசதி) வழியாகவும் மீதியை விலைப்பட்டியலின் அடியில் இருந்த வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அனுப்பினோம். அவர் வீவக வீட்டில் மனைவி, அம்மாவோடு இருக்கிறார். ஒரு வெள்ளை வேன் ஓட்டுகிறார்.

பழைய_பேனா:

நல்ல செய்தி இரண்டு இருக்கிறது, சகோதரி.

தனிநபர் வணிகம் என்றால் கடை வேறு, ஆள் வேறு கிடையாது. கடையின் கடன் அவருடைய சொந்தக் கடன். பிரைவேட் லிமிடெட் என்றால் நிறுவனத்தின் சொத்தை மட்டும்தான் தொடலாம். தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் கொடுத்திருந்தால் ஒழிய இயக்குநர் வீட்டில் பென்ஸ் நின்றாலும் கைவைக்க முடியாது. இதனால்தான் வழக்குப் போடும் முன்பே அக்ராவில் சில வெள்ளி கட்டி வணிக விவரத்தை எடுக்கச் சொல்வேன். கடை போர்டில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் வேறாக இருந்து, தவறான பெயரில் உத்தரவு வாங்கியவர்கள் உண்டு. அந்த உத்தரவை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இரண்டாவது, அந்த வங்கிக் கணக்கு எண். அந்த விலைப்பட்டியலைப் பத்திரமாக வையுங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நீதிமன்ற விதிகள் மாறின. முன்பு பொருளைப் பறிமுதல் செய்ய ஒரு மனு, வங்கிப் பணத்தைப் பிடிக்க இன்னொரு மனு என்று தனித்தனியாகப் போட வேண்டும். இப்போது ஒரே அமலாக்க உத்தரவில் இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். அதை நிறைவேற்றுபவர் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரி. அவர் சார்பில் பெய்லிஃப் என்ற பணியாளர் வருவார்.

எதைத் தொடலாம், எதைத் தொட முடியாது என்று பார்த்துவிடுவோம். வீவக வீட்டை இப்படிப்பட்ட கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது, சட்டம் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. மத்திய சேம நிதியும் அப்படியே. அவர் வேறு எங்காவது சம்பளத்துக்கு வேலை பார்த்தால், முதலாளியிடம் போய்ச் சம்பளத்தைப் பிடித்துத் தாருங்கள் என்று கேட்க முடியாது. இதைச் சொன்னால் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். உடுப்பு, படுக்கை, தொழிற்கருவிகளுக்கும் ஓர் அளவு வரை விலக்கு உண்டு. இவற்றுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. கடனாளி தெருவுக்கு வந்துவிடக் கூடாது, குழந்தைகள் பட்டினி கிடக்கக் கூடாது. நான் அந்த நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் உத்தரவு வைத்திருப்பவர் முன்கூட்டியே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நம்பிக்கை வைக்கக் கூடாத இடத்தில் நம்பிக்கை வைப்பார்.

வேனைப் பாருங்கள். தவணையில் வாங்கியிருந்தால் கடன் தீரும் வரை அதன் உரிமை நிதி நிறுவனத்திடம். அதைப் பறித்து விற்க முடியாது. வீட்டுக்குப் போனால் டிவியும் சோபாவும் இருக்கும், ஆனால் "இது என் அம்மா வாங்கியது" என்று எழுத்தில் எதிர்ப்பு வரும், அதை நீதிமன்றம் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். பழைய சோபா ஏலத்தில் என்ன விலைக்குப் போகும்? பெய்லிஃப் வரும் நேரத்துக்குக் கட்டணம், வண்டி, பூட்டுத் திறப்பவர், ஏலச் செலவு எல்லாவற்றையும் நீங்கள் முதலில் கட்ட வேண்டும். அதைக் கடனாளியிடமிருந்து திரும்பக் கேட்கலாம், ஆனால் அவரிடமிருந்து கிடைத்தால்தானே.

அதனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் கைவைப்பது வங்கிக் கணக்கில். அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார், படம் போடுகிறார் என்றால் முன்பணம் வருகிறது. அது எங்கே வருகிறதோ அங்கே பிடிக்க வேண்டும். வங்கி அவருக்குக் கொடுக்க வேண்டிய கடனாளி என்று சட்டம் பார்க்கிறது. அந்தக் கடனை உங்கள் பக்கம் திருப்பச் சொல்வதுதான் இந்த முறை. அவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய வேறு வாடிக்கையாளர் யாராவது தெரிந்தால் அவரிடம் இருக்கும் தொகையையும் இப்படிப் பிடிக்கலாம்.

ஈசூன்_கவிதா:

ஐயா, கணக்கு அவருக்கும் மனைவிக்கும் கூட்டாக இருந்தால்?

பழைய_பேனா:

அங்கே சிக்கல். கூட்டுக் கணக்கில் யார் பங்கு எவ்வளவு என்று வங்கிக்குத் தெரியாது. நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே இதைப் பற்றி இரண்டு விதமான கருத்து வந்திருக்கிறது. ஒருவர் பெயரில் இருக்கும் கணக்கையோ வணிகக் கணக்கையோ குறிவைப்பது நல்லது. விலைப்பட்டியலில் இருப்பது வணிகக் கணக்காகத்தான் இருக்கும்.

ஜூரோங்_வெல்டர்:

நான் மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். நானும் சின்னக் காண்டிராக்டர்தான். இந்தத் தொழிலில் ஒரு வேலையின் முன்பணத்தை எடுத்து முந்தின வேலைக்குப் பலகை வாங்குகிற ஆட்கள் நிறைய. மேலே இருக்கும் பெரிய காண்டிராக்டர் பணம் தராமல் இழுத்தால் கீழே எல்லாம் சரிந்துவிடும். அதை நியாயப்படுத்தவில்லை. வாடிக்கையாளர் பணம் வாடிக்கையாளர் பணம்தான், அதைத் தொட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அப்படிப்பட்ட ஆளிடம் ஒரேயடியாக 6,800 கேட்டால் நிஜமாகவே இருக்காது. மாதம் 500, 600 என்றால் கொடுக்க முடியும். கணக்கை முடக்கினால் அடுத்த வேலைக்குப் பலகை வாங்க முடியாது, கடை படுத்துவிடும். அப்புறம் உங்களுக்கும் ஒன்றும் இல்லை, அவரிடம் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் சம்பளம் இல்லை. முதலில் தவணை பேசிப் பாருங்கள் அக்கா.

உட்லண்ட்ஸ்_ராஜா:

"உங்களால் முடிந்ததைப் பாருங்கள்" என்று சொன்னவரிடம் என்ன தவணை பேசுவது அண்ணே? பணம் இல்லை என்றால் மரியாதையாகச் சொல்லலாமே. விசாரணைக்கே வரவில்லை.

சமையல்கட்டு_அக்கா:

ராஜா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெல்டர் தம்பி, உங்களை மாதிரி நேர்மையான ஆளாக இருந்தால் மன்றத்துக்கு வந்து "தவணையில் தருகிறேன்" என்று அங்கேயே கேட்டிருப்பார். மன்றம் தவணைக்கு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. வராமல் இருந்தது அவருடைய முடிவு.

பொங்கோல் தங்கச்சி, இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். தவணைக்குத் தயார் என்று எழுத்தில் ஒரு கடிதமோ மெசேஜோ அனுப்புங்கள். ஒரு தேதி சொல்லுங்கள். அந்தத் தேதி தாண்டினால் விண்ணப்பம் போகும் என்றும் சொல்லுங்கள். மரியாதையாக, ஒரே ஒரு முறை. அப்புறம் சொன்ன தேதியில் சொன்னதைச் செய்யுங்கள். நாம் சொல்வதை நாமே செய்யாவிட்டால் அவர் ஏன் மதிக்க வேண்டும்?

தெம்பனிஸ்_தமிழ்:

அக்கா சொல்வது நல்ல யோசனை. நான் விட்டது சரியா என்று இதைப் படித்த பிறகு யோசிக்கிறேன். உத்தரவு வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் செல்லுமா?

பழைய_பேனா:

செல்லும். உத்தரவு வந்த நாளிலிருந்து 6 வருடத்துக்குள் அமலாக்க விண்ணப்பம் போடலாம். அதைத் தாண்டினால் நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். காத்திருப்பதில் ஒரு பயன்கூட இருக்கிறது. இன்று ஒன்றும் இல்லாதவருக்கு இரண்டு வருடம் கழித்து நல்ல வேலையோ வியாபாரமோ அமையலாம். ஆனால் அமலாக்க உத்தரவு ஒன்றை வாங்கிவிட்டால் அதற்கு 12 மாத ஆயுள்தான். அதனால் எங்கே பிடிப்பது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள், வாங்கிய பிறகு தேடாதீர்கள்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. 600, 700 வெள்ளிக்கு அமலாக்கம் போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆயிரத்துக்கு மேல், கடனாளிக்கு ஓடும் வியாபாரம் இருந்தால், ஒரு முயற்சியாவது செய்ய வேண்டும்.

பொங்கோல்வாசி:

அக்கா சொன்ன மாதிரி மெசேஜ் அனுப்பினேன். மாதம் 800 வீதம் தவணைக்கு ஒத்துக்கொள்கிறோம் என்று எழுதி, இரண்டு வாரம் கொடுத்தேன். படித்துவிட்டார், பதில் இல்லை. வெல்டர் அண்ணனுக்கும் சொல்கிறேன், முயற்சி செய்தேன்.

ஐயா, அக்கா செய்ததாகச் சொன்ன அந்தச் சொத்து விசாரணை எப்படி நடக்கும்? வங்கிக் கணக்கைப் பிடிப்பதற்கு முன்பு அதைச் செய்ய வேண்டுமா? எங்கள் மாமனார் வேறு, இதெல்லாம் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே, நமக்கெதற்கு என்கிறார்.

பழைய_பேனா:

மாமனாருக்குச் சொல்லுங்கள், நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மொழிக்காக உரிமையை விடத் தேவையில்லை. வயதானவர், படிக்கத் தெரியாதவர், உடல் முடியாதவர் என்றால் நடுவர் மன்றத்தில் அவர் சார்பில் வேறொருவர் பேசவும் அனுமதி கேட்கலாம்.

சொத்து விசாரணை என்பது கடனாளியை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, சத்தியம் செய்ய வைத்து, அவருடைய வருமானம், வங்கிக் கணக்குகள், வண்டி, காப்புறுதி, மற்றவர்கள் அவருக்குத் தர வேண்டிய பணம் இவற்றையெல்லாம் கேட்பது. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். கேள்விகளை நீங்களே கேட்கலாம். உங்களைப் போல ஏற்கெனவே ஒரு கணக்கு எண் தெரிந்தவர் இதைத் தாண்டி நேராக வங்கிக்குப் போகலாம், கட்டாயம் இல்லை. ஆனால் கணக்கில் பணம் இல்லை என்று வந்துவிட்டால் கட்டிய கட்டணம் போனதுதான். நான் கோப்பு பார்த்த காலத்தில், தொகை பெரிதாக இருந்தால் முதலில் விசாரணை, பிறகு பிடிப்பு என்றே போவோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆஜராகச் சொல்லும் உத்தரவை அவர் கையில் நேரில் சேர்ப்பிக்க வேண்டும். தபாலில் போட்டால் போதாது. கதவைத் திறக்காதவர்கள், "அவர் வீட்டில் இல்லை" என்று சொல்ல வைப்பவர்கள் இருக்கிறார்கள். எப்போது போனீர்கள், யார் கதவைத் திறந்தார்கள் என்று ஒவ்வொரு முயற்சியையும் எழுதி வையுங்கள். நிஜமாகவே சேர்ப்பிக்க முடியவில்லை என்று காட்டினால், வேறு வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். கதவில் ஒட்டுவது அப்போது சரி, ராஜா தம்பி, ஏனென்றால் நீதிமன்றம் சொல்லிச் செய்கிறோம். அவர் வேலை செய்யும் இடம் தெரிந்தால் அங்கே போய்க் கையில் கொடுப்பது இன்னும் சுலபம். இன்ஸ்டாகிராம் படங்களில் எந்த வட்டாரம் என்று தெரிகிறதா பாருங்கள்.

முறையாகச் சேர்ப்பித்த பிறகும் அவர் வராவிட்டால், அது உங்களை மட்டும் அலட்சியம் செய்வதல்ல, நீதிமன்றத்தை அவமதிப்பது. அபராதம், சிறை வரை போகலாம். கடன் கட்டாததற்காகச் சிறை இல்லை, கூப்பிட்டு வராததற்குத்தான். "முடிந்ததைப் பாருங்கள்" என்று சொன்னவர்கள் பலர் பேச்சை மாற்றுவது இந்த இடத்தில்தான்.

கடன்_கொடுத்தவன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நண்பருக்குக் கைமாற்றாக 9,000 கொடுத்தேன். இன்னொருவரிடம் சீட்டுப் பணமும் நிற்கிறது. இதற்கும் சிறு கோரிக்கை மன்றம் போகலாமா? அப்படியே அவரைத் திவால் ஆக்கிவிட முடியுமா?

பழைய_பேனா:

முடியாது தம்பி, இரண்டுக்குமே. அந்த மன்றம் பொருள் விற்பனை, சேவை, 2 வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை போன்றவற்றை 20,000 வெள்ளி வரை கேட்கும், இருவரும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. கைமாற்றுக் கடன் அதில் சேராது. 60,000 வரையிலான கடனுக்கு மேஜிஸ்திரேட் நீதிமன்றம். சீட்டு விஷயம் அதன் ஏற்பாட்டைப் பொறுத்தது. இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிந்துகொண்டு கையிலிருக்கும் தாள்களோடு போங்கள். புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்துகிறது, சில சமூக மன்றங்களிலும் உண்டு.

திவால் மனுவுக்குக் கடன் குறைந்தது 15,000 வெள்ளி இருக்க வேண்டும். அந்த அளவு இருந்தாலும் யோசித்துச் செய்யுங்கள். திவாலானால் எல்லாக் கடன்காரர்களோடும் நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும், மனுவுக்குக் கட்ட வேண்டிய வைப்புத் தொகையும் உங்கள் கையிலிருந்துதான். ஏற்கெனவே திவாலானவர் மீது அமலாக்கம் செய்யவும் முடியாது. அதனால் எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு சிறு கட்டணம் கட்டி அவர் திவாலா என்று தேடிப் பாருங்கள்.

சமையல்கட்டு_அக்கா:

எதிராளி பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்று கவனியுங்கள். என் கடனாளி நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது, ஆனால் என் தோழிக்குக் கடன்பட்ட நிறுவனம் சத்தமில்லாமல் பதிவை நீக்கச் சொல்லி அக்ராவிடம் விண்ணப்பித்துவிட்டது. அரசிதழில் அறிவிப்பு வந்த பிறகு 60 நாள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். உத்தரவைக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தாள், நீக்கம் நின்றது. நிறுவனம் மறைந்துவிட்டால் உத்தரவை யார் மீது காட்டுவது? உத்தரவு வாங்கிய கையோடு அந்தப் பெயரை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருங்கள்.

பொங்கோல்வாசி:

ஒரு செய்தி. ஆஜராகும் உத்தரவை அவரிடம் நேரில் கொடுத்தாகிவிட்டது. செங்காங்கில் ஒரு வீட்டில் வேலை நடப்பது படத்தில் தெரிந்தது, கார் நிறுத்துமிடத்தில் வேனுக்குப் பக்கத்தில் என் தம்பி கொடுத்தான். சண்டை எதுவும் இல்லை.

அன்று இரவே மெசேஜ். 2,000 உடனே தருகிறாராம், மீதி மாதம் 800. ஆனால் ஒரு நிபந்தனை. விசாரணையை இப்போதே கைவிட்டு, "எல்லாக் கணக்கும் முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அவர் மனைவிக்குப் பயமாக இருக்கிறதாம். என் கணவர் ஒத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

உட்லண்ட்ஸ்_ராஜா:

கையெழுத்துப் போடாதீர்கள் அக்கா!

ஜூரோங்_வெல்டர்:

தவணைக்கு ஒத்துக்கொள்ளுங்கள், அந்தக் கையெழுத்து மட்டும் வேண்டாம். நியாயமாகக் கொடுக்க நினைப்பவர் கடைசித் தவணைக்குப் பிறகு அதை வாங்கிக்கொள்ளலாம். நானாக இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பழைய_பேனா:

வெல்டர் தம்பி சொன்னது மிகச் சரி. "எல்லாக் கணக்கும் முடிந்தது" என்று எழுதிக் கொடுத்தால், மீதி 4,800ஐ நீங்களே விட்டுக்கொடுத்ததாக அவர் வாதாடலாம். எழுத வேண்டியது வேறு. உத்தரவின்படி 6,800 பாக்கி என்பதை அவர் ஒத்துக்கொள்கிறார், இன்ன தேதியில் 2,000, அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் இன்ன தேதியில் 800, ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டும், உத்தரவை நிறைவேற்றும் உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது. இருவரும் கையெழுத்து. நீங்கள் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தையும் அதில் சேர்க்கக் கேளுங்கள், தருவாரா இல்லையா என்பது பேச்சில் தெரியும்.

விசாரணையைக் கைவிட வேண்டாம். 2,000 கணக்கில் ஏறட்டும், அப்புறம் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். மாதத் தவணையைக் கையில் வாங்காதீர்கள், வங்கியில் நிரந்தர மாற்று உத்தரவு (மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள். மறந்துவிட்டேன் என்று சொல்ல இடமிருக்காது, உங்களுக்கும் மாதாமாதம் போன் போட்டுக் கேட்கும் சங்கடம் இல்லை.

அவர் மனைவியின் பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் சண்டை அவரோடு இல்லை. மெசேஜில் ஒரு வரி சேருங்கள், தவணை ஒழுங்காக வந்தால் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று. அதைச் சொல்ல உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

பொங்கோல்வாசி:

நீங்கள் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பினேன் ஐயா. நீதிமன்றக் கட்டணத்துக்கு மட்டும் மறுத்தார், மற்ற எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கட்டணத்தை நாங்கள் வற்புறுத்தவில்லை. 2,000 இன்று காலை வந்துவிட்டது. விசாரணைத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறோம்.

ஒரு கேள்வி பாக்கி. நடுவில் ஒரு மாதம் 800க்குப் பதில் 300 மட்டும் அனுப்பினால் வாங்கலாமா, திருப்பி அனுப்ப வேண்டுமா?

பழைய_பேனா:

வாங்குங்கள். வாங்கிய அன்றே எழுத்தில் பதில் போடுங்கள்: 300 கிடைத்தது, 500 பாக்கி, இதை வாங்கியதால் ஒப்பந்தத்தை மாற்றியதாக ஆகாது. ஒவ்வொரு ரசீதையும், ஒவ்வொரு மெசேஜையும் தேதியோடு ஒரே கோப்பில் வையுங்கள். மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள்.